தியான ஆப் வந்துவிட்டது, வேலை குறையவில்லை: டீம் லீட் என்ன செய்யலாம்?

#1 புதுலீட்

வணக்கம். நான் டீம் லீட் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. எனக்குக் கீழே ஏழு பேர். அதில் ஒருவர் ஐந்து வருட அனுபவம் உள்ளவர், எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்காது. ஆறு வாரமாக ஆளே மாறிவிட்டார். நீளமாக என்ன மெசேஜ் அனுப்பினாலும் "சரி" என்று ஒரே சொல்தான் பதில். மீட்டிங்கில் கேமரா அணைந்தே இருக்கிறது. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃபைலைச் சேமித்திருக்கிறார், காலை ஒன்பதுக்கு மறுபடி ஆஜர்.

போன வாரம் ஒரு சின்னத் தப்பு. வாடிக்கையாளருக்குப் புது அறிக்கைக்குப் பதிலாகப் பழையது போய்விட்டது. நான் கோபப்படவெல்லாம் இல்லை. "என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டேன். அழுதுவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நாலு நாள் லீவு போட்டுக்கோங்க" என்றேன். "போட்டா? திரும்பி வரும்போது இந்த வேலையெல்லாம் எனக்காகத்தானே காத்துக்கிட்டு இருக்கும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எச்.ஆரிடம் போனேன். தியான ஆப்புக்கு எல்லோருக்கும் இலவசச் சந்தா இருக்கிறது, மாதக் கடைசியில் மனநலம் பற்றி ஒரு மணி நேர உரை நடக்கிறது, கவுன்சிலிங் உதவி எண்ணும் இருக்கிறது, அவரிடம் சொல்லுங்கள் என்றார்கள். சொல்லலாம். ஆனால் அழுத மனிதரிடம் ஆப் லிங்க்கை அனுப்ப எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நான் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

#2 கணக்குநோட்டு

எங்கள் ஆபீஸிலும் அந்த ஆப் உண்டு. பத்து மணிக்கு "மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள்" என்று போனில் வரும். அதற்கு நேர் கீழே மேனேஜர் மெசேஜ், "அந்த ஷீட் எங்கே?" மூச்சை இழுத்தாச்சு, விடத்தான் நேரமில்லை.

#3 செவிமடல்

பணியிடக் கவுன்சிலராகப் பதினான்கு வருடம் ஆகிறது. கூச்சப்பட்டது நல்லதுதான், புதுலீட். லிங்க் அனுப்புவது ஒரு விதத்தில் கதவைச் சாத்துவது. "உன் பிரச்சினையை நீ அங்கே போய்ப் பார்த்துக்கொள்" என்றுதான் எதிராளிக்குக் கேட்கும். உதவி எண்ணைக் கொடுங்கள், ஆனால் பேச்சின் முடிவில். தொடக்கத்திலேயே வேண்டாம்.

தனியாக உட்காருங்கள். கண்ணாடி அறை வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லித் தொடங்குங்கள்: "ராத்திரி ஒன்றரைக்கு வேலை பார்த்திருக்கீங்க, முன்னே மாதிரி பேசறதில்லை. எனக்குக் கவலையா இருக்கு." அவ்வளவுதான். "டிப்ரெஷனா?" என்று கேட்காதீர்கள். நோயைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பது அதைவிட மோசம். பழியை வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகிற கேள்வி அது. மேனேஜர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்!

அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டமான கட்டம் இதுதான். பத்து விநாடி அமைதியை யாராலும் தாங்க முடிவதில்லை, உடனே "எனக்கும் இப்படித்தான் ஒரு தடவை" என்று தன் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம்.

அவர் சொல்வதில் எது யாருக்குப் போகலாம் என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். பேச்சு முடியும்போது அடுத்த சந்திப்புக்கு நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். "எப்ப வேணும்னாலும் வாங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஏதாவது அவர் வாயில் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: "தற்கொலை செய்துக்கணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு, ஒருவராவது கேட்டாரே என்று இருக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே வீட்டார், மருத்துவர், அவசர உதவி எண் என்று யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த விஷயத்தில் மட்டும் ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது.

#4 எச்ஆர்_மேசை

எச்.ஆர். என்றாலே இங்கே வில்லன் வேஷம்தான், பழகிவிட்டது. ஆனால் கவுன்சிலிங் எண்ணை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம். வெளி நிறுவனம் நடத்துவது அது. எங்களுக்கு வருவது எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கை மட்டும்தான், பெயர் வராது. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் யாரும் கூப்பிடுவதும் இல்லை.

மேலிடத்தில் காசு கேட்பது எப்படி இருக்கும் என்றும் யோசியுங்கள். "ஊழியர்கள் பாவம்" என்றால் ஒரு ரூபாய் வராது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைக் காட்டித்தான் நான் இந்தத் திட்டத்தையே வாங்கினேன். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுக்க வருடத்துக்கு 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன, இழப்பு 1 லட்சம் கோடி டாலர். அந்த ஸ்லைடு வந்த பிறகுதான் நிதி மேலாளர் போனைக் கீழே வைத்தார்.

#5 தரவுப்பித்து

எச்ஆர்_மேசை, உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் வாங்கிய பொருள் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டுமே.

ஆக்ஸ்ஃபர்டில் வில்லியம் ஃப்ளெமிங் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் தரவை எடுத்துப் பார்த்தார். கட்டுரை 2024இல் வந்தது. மைண்ட்ஃபுல்னஸ் என்கிற மனக்கவனப் பயிற்சி வகுப்பு, மனவலிமைப் பயிற்சி, நலவாழ்வு ஆப் ஆகியவற்றில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் மனநிலையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. விதிவிலக்காக நின்றது தன்னார்வத் தொண்டு ஒன்றுதான்.

இதை ஏன் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இலேயே எழுதியது. வேலைப் பளு மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. பளு அதிகம், ஆனால் எதை எப்போது எப்படிச் செய்வது என்பதில் தனக்கு ஒரு அதிகாரமும் இல்லை, இந்த இரண்டும் சேரும் இடம்தான் மோசமான இடம். அறுவை மருத்துவருக்கும் பளுதான், கால் சென்டரில் இருப்பவருக்கும் பளுதான். முன்னவர் அடுத்து என்ன என்று தானே முடிவு செய்கிறார். பின்னவர் பாத்ரூம் போனாலும் திரையில் நேரம் ஓடுகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களை 1985இலிருந்து தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹால் இரண்டாம் ஆய்விலும் இதே கதை. பதவி கீழே போகப் போக இதய நோய் கூடுகிறது, அதில் கணிசமான பங்கை, வேலை தன் கையில் இல்லாத நிலையே விளக்குகிறது. "பெரிய பதவி, பெரிய டென்ஷன்" என்று நாம் பேசிக்கொள்வதற்கு நேர் எதிர்.

ஆப் மனிதரைச் சரிசெய்யப் பார்க்கிறது. கோளாறு அவருடைய வேலையில் இருக்கிறது.

#6 எச்ஆர்_மேசை

அந்தக் கட்டுரையை நானும் படித்தேன். அது ஒரே சமயத்தில் எடுத்த கருத்துக்கணிப்பு. ஏற்கெனவே தவிப்பில் இருப்பவர்கள்தான் அதிகமாக வகுப்பில் சேர்ந்திருக்கலாம், அப்படியென்றால் வகுப்பு உதவியிருந்தாலும் தரவில் தெரியாது. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தரவுப்பித்து.

#7 தரவுப்பித்து

நியாயம்தான். அவரும் அதை ஆராய்ந்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார், ஆனாலும் முழுக்கத் தள்ள முடியாத வாதம். வேலையை மாற்றுவதுதான் முதல் காரியம் என்பதில் மட்டும் நான் நகரமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பணியிட மாற்றங்களையும் மேலாளர் பயிற்சியையும் முன்னால் வைக்கிறது. பர்ன்அவுட்டை 2019இல் அவர்கள் வரையறுத்தபோதே அது நோயல்ல, பணியிடத்தோடு சேர்ந்த நிலை என்று எழுதிவிட்டார்கள்: சமாளிக்கப்படாத நீண்ட நாள் பணி அழுத்தத்தின் விளைவு. "சமாளிக்கப்படாத" என்பதில் எழுவாயே இல்லை, பாருங்கள். யார் சமாளிக்க வேண்டும் என்பதில்தானே சண்டையே!

#8 சொந்தத்தொழில்

எல்லாம் சரி. நான் பதினொரு பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி நடத்துகிறேன். எச்.ஆர். கிடையாது, ஆப் கிடையாது, எல்லாம் நான்தான். ஒருவர் ஒரு மாதம் வராவிட்டால் பத்தில் ஒரு பங்கு வேலை அப்படியே நிற்கும். மற்றவர்கள் தலையில் வைத்தால் அடுத்து அவர்கள் விழுவார்கள். இங்கே எழுதுகிறவர்கள் யாரும் மாதச் சம்பளம் போட்டதில்லை என்று நினைக்கிறேன். அப்புறம், எதற்கெடுத்தாலும் "மன அழுத்தம்" என்று சொல்லி லீவு கேட்கிறவர்களை என்ன செய்வது? திட்டாதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

#9 திரும்பிவந்தவள்

திட்டவில்லை அண்ணே. மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்குக் கடும் மனச்சோர்வு. நான்கு மாதம் லீவு. அதற்கு முன்னால் எட்டு மாதம் மறைத்தேன். அப்போது நான் போட்ட லீவு எல்லாவற்றுக்கும் காரணம் முதுகுவலி. உண்மையைச் சொல்லியிருந்தால் உங்களைப் போல ஒருவர் "எதற்கெடுத்தாலும்" என்று சொல்லியிருப்பார் என்ற பயம். மன அழுத்தம் என்று பொய் சொல்லி லீவு எடுக்கிறவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை, இருக்கலாம். மன அழுத்தத்தை மறைக்க முதுகுவலி என்று பொய் சொன்னவர்களைக் கேட்டால் ஒரு டஜன் பேரைக் காட்டுவேன்.

மறைத்த அந்த எட்டு மாதமும் நான் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தேன். வந்து என்ன செய்தேன்? ஒரே மெயிலை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து வரியில் பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவேன். சுலபமான வேலையை எடுத்து வைத்துக்கொண்டு பிஸியாக இருப்பது போல நடிப்பேன். நடிப்புதான் வேலையைவிட அசதி. அந்த எட்டு மாதச் சம்பளம்தான் கம்பெனிக்கு நஷ்டம், நான்கு மாத லீவு இல்லை.

திரும்பி வந்தது பற்றியும் எழுதுகிறேன், அதை யாரும் பேசுவதில்லை. லீவு கொடுப்பது வரைக்கும்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். முதல் நாள் லிஃப்டில் ஏறும்போது கை நடுங்கியது. 2,300 மெயில் காத்திருக்கும் என்று தெரியும். என் மேனேஜர், அவரை அதற்குமுன் எனக்குப் பெரிதாகப் பிடிக்காது, முந்தின நாளே போன் செய்து, "உங்க பழைய மெயில் எல்லாத்தையும் தனி ஃபோல்டருக்குத் தள்ளியாச்சு. அதைத் திறக்காதீங்க. முக்கியமானது மூணு, நான் சொல்றேன்" என்றார். முதல் இரண்டு வாரம் தினம் நான்கு மணி நேரம். அடுத்த இரண்டு வாரம் ஆறு. டாக்டரும் அவரும் நானும் சேர்ந்து போட்ட அட்டவணை. வாடிக்கையாளர் அழைப்புகள் முதல் மாதம் கிடையாது, ஏனென்றால் நான் சாய்ந்ததே அங்கேதான். எதை டீமிடம் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டார். "உடம்பு சரியில்லாமல் இருந்தாள், இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறாள்" என்ற ஒரு வரி போதும் என்றேன். அந்த ஒரு வரியை மட்டும்தான் சொன்னார்.

பிடிக்காததும் உண்டு. எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள், கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவது போல. நல்ல வேலைகள் எதையும் தரவில்லை, "பாவம், அவளுக்கு எதுக்கு". ஆறு மாதம் கழித்து அப்ரைசலில் "பெரிய பொறுப்புகள் எடுக்கவில்லை" என்று எழுதியிருந்தது. யார் தரவில்லை என்று அதில் எழுதவில்லை.

#10 வார்டு_இரவு

லேப்டாப், மெயில் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் மருத்துவமனையில் நர்ஸ். எங்களுக்கு "வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகாதே" என்பது வேறு அர்த்தம்.

வார்டில் ஒரு குழந்தை இறந்த இரவு. அடுத்த நாள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, என்ன நடந்தது, எப்படி இருந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். எனக்கு அந்த இரவு இரண்டாவது தடவை நடந்தது போல இருந்தது. வேண்டியிருந்தது வேறு. அன்றைக்கு இறந்த உடனே பத்து நிமிடம் தனியாக நிற்க ஒரு இடம். அடுத்த படுக்கையை அந்தப் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். வேறு ஒன்றுமில்லை.

அப்புறம் ஷிப்ட் அட்டவணை. இரண்டு நாள் முன்னால் மாறும். தூக்கம், பிள்ளைகள், ஒரு கல்யாணம் காட்சி எதையும் திட்டமிட முடியாது. மூன்று வாரம் முன்னால் அட்டவணை ஒட்ட ஆரம்பித்தார்கள், ஷிப்டை எங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் விட்டார்கள். ஒரு பைசா செலவில்லை. எத்தனையோ உரைகள் கேட்டிருக்கிறேன், எதுவும் அந்தக் காகிதத்துக்கு ஈடாகவில்லை.

#11 செவிமடல்

வார்டு_இரவு, உங்களுக்குத் தோன்றியது சரிதான். அதிர்ச்சி நடந்த கையோடு எல்லோரையும் கட்டாயமாகப் பேசவைக்கும் அந்த முறையை, அதிர்ச்சிப் பாதிப்பைத் தடுக்கும் வழியாக இனி கொடுக்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது. பேச விரும்புகிறவரைப் பேசவிடலாம். விரும்பாதவரை இழுக்கக்கூடாது.

#12 புதுலீட்

எல்லோருக்கும் நன்றி. திரும்பிவந்தவள் அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

நேற்று அவரோடு பேசினேன். செவிமடல் சொன்ன மாதிரி பார்த்ததைச் சொன்னேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன். பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று நேற்றுதான் தெரிந்தது. அவர் வீட்டில் ஒன்றுமில்லை. வேலைதான். போன வருடம் இருவர் விலகினார்கள், ஆள் எடுக்கவில்லை, அவர்கள் வேலையில் பாதி இவர் தலையில். யாரும் "நீ எடுத்துக்கொள்" என்று சொல்லவில்லை, அது தானாக வழிந்து வந்துவிட்டது. கவுன்சிலரைப் பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

இப்போது என் சிக்கல்: டார்கெட் போடுவது நான் இல்லை. எனக்கு மேலே இருப்பவர். அவரிடம் "வேலை அதிகம்" என்றால் "எல்லோருக்கும்தான்" என்பார்.

#13 பழையமேலாளர்

ஓய்வு பெற்றாயிற்று, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

"வேலை அதிகம்" என்று போகாதீர்கள் தம்பி, அது புலம்பல் கணக்கில் போய்விடும். உங்கள் டீமில் இருக்கும் அந்த ஊழியர் செய்யும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அவரையும் வைத்துக்கொண்டு எழுதுங்கள், உங்களுக்குத் தெரியாத வேலைகள் பாதி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், வாரத்துக்கு எத்தனை மணி, இதை யார் பார்க்கிறார்கள் என்று போடுங்கள். கூட்டினால் ஒரு எண் வரும். அதை மேலே கொண்டுபோய், "வாரத்தில் இத்தனை மணி இருக்கிறது, வேலை இத்தனை மணிக்கு இருக்கிறது. எதை நிறுத்தட்டும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு "எல்லோருக்கும்தான்" பதிலாகாது. "எதையும் நிறுத்தாதே" என்று சொன்னால் அதை மெயிலில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். எழுதச் சொன்னதும் பல பேருக்கு மனசு மாறும்.

எண் 55ஐத் தாண்டியிருந்தால் இதையும் சேருங்கள். வாரம் 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் சொல்லிவிட்டன. மனசைப் பற்றிப் பேசினால் கேட்காத மேலதிகாரி மூளையில் ரத்தக்குழாய் என்றால் நிமிர்ந்து உட்காருவார். இது வருத்தமான தந்திரம்தான்.

என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் போடுகிற ஆள் நான். கீழே "பதில் இப்போது வேண்டாம்" என்று எழுதுவேன், பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு. ஐந்து நிமிடத்தில் பதில் வரும். வரும்போது சந்தோஷமாகவும் இருக்கும். அவர்கள் என்னைப் படித்தார்கள், நான் எழுதிய வரியை இல்லை. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமலிருக்கும் உரிமை பிரான்சில் 2017இல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது, ஆஸ்திரேலியாவில் 2024இல். எங்கள் இடத்தில் சட்டம் இல்லை. மெயிலைக் காலை ஒன்பதுக்குப் போகும்படி போட்டுவைக்கக் கற்றுக்கொண்டேன், அறுபதை நெருங்கும்போது.

#14 சொந்தத்தொழில்

திரும்பிவந்தவள், உங்கள் "எட்டு மாதச் சம்பளம்" கணக்கு என்னை யோசிக்க வைத்தது. எங்களிடம் ஒருவருக்கு அடிக்கடி வயிற்றுவலி. இனிமேல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன்.

ஒரு கேள்வி. வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் கேள்வித்தாள் நிரப்பச் சொல்லி யாருக்கு அழுத்தம் என்று கண்டுபிடித்தால் என்ன? பதினொரு பேர்தானே.

#15 தரவுப்பித்து

பதினொரு பேரில் பெயர் போடாவிட்டாலும் கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவர்களுக்கும் அது தெரியும். எல்லோரும் "நலம்" என்று எழுதுவார்கள். ஜப்பானில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2015 டிசம்பரிலிருந்து இந்தச் சோதனை கட்டாயம், ஆனால் முடிவு நேராக ஊழியரிடம்தான் போகும். அவர் சம்மதம் இல்லாமல் முதலாளி பார்க்க முடியாது. உலக சுகாதார நிறுவனமோ இப்படி எல்லோரையும் சோதித்துப் பார்ப்பதன் நன்மை தீமையைவிடப் பெரிதா என்று தெளிவாகவில்லை என்று விட்டுவிட்டது.

நீங்கள் கேள்வித்தாளில் ஆளைத் தேடாதீர்கள், வேலையைத் தேடுங்கள். "போன மாதம் எந்த வேலை தூக்கத்தைக் கெடுத்தது?" இதற்கு வெளிப்படையாகவே பதில் சொல்லலாம், யாருக்கும் வெட்கமில்லை.

#16 சொந்தத்தொழில்

இதைச் செய்கிறேன். முதல் பதிலை நானே எழுதிவிடலாம் போலிருக்கிறது.

#17 புதுலீட்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

தாள் எழுதினோம். 26 வேலைகள், வாரத்துக்கு 61 மணி நேரம். எனக்குத் தெரிந்தது 14 வேலைதான். மேலே கொண்டுபோனேன். முதலில் "எல்லோருக்கும்தான்" வந்தது, அப்படியே. நான் தாளை நகர்த்தி வைத்து எதை நிறுத்தட்டும் என்றேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு நான்கு வேலைகளை வேறு டீமுக்கு மாற்றினார், இரண்டைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்தார். ஆள் எடுப்பது பற்றி "பார்க்கலாம்". அது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அந்த ஊழியர் ஒரு வாரம் லீவில் போனார், அந்த வாரம் அவர் வேலையை யார் செய்வது என்று போவதற்கு முன்பே அவரிடம் எழுதிக் கொடுத்தேன். முழுக்கத் தேறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். நேற்று மீட்டிங்கில் கேமரா போட்டிருந்தார், பாதியில் அணைத்துவிட்டார்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. தாளில் "இதை யார் பார்க்கிறார்கள்" என்ற கட்டத்தில் ஒரு வேலைக்கு எங்களால் யார் பெயரையும் போட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அறிக்கை. வாரத்துக்கு ஐந்து மணி நேரம், பெரும்பாலும் திங்கள் ராத்திரி. இரண்டு வருடமாக அவர்தான் செய்கிறார். சொல்லாமலே நிறுத்திப் பார்த்தோம். இன்றோடு மூன்று செவ்வாய் போய்விட்டது.

#18 கணக்குநோட்டு

யாராவது கேட்டார்களா?

#19 புதுலீட்

இல்லை.